பழைய சிறு மோட்டார் வண்டியைத் தெரிந்தெடுத்தல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் கல்வி, சிக்கனம், விவாகச் செலவு, மாணவர் நிதி முதலியவற்றைக் குறித்துப் பேசுவதே வழக்கம். பழைய மோட்டார் வண்டியைப் பற்றி ஒருவன் பேச எழுந்தால், 'இஃது என்ன விநோதம்!' என்று சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும் இப்பொருளை யாமாக எடுத்துக்கொண்டோமல்லோம். நமது சங்கத்து இளைஞர் இருவர் சென்ற மாதம் எம்மிடம் வந்தனர். தாம் உத்தியோகத்தில் ஈட்டிச் சேமித்த பொருளைக் கொண்டு பழைய சிறு வண்டியொன்றை வாங்கித் தம் கையாலேயே செப்பனிட விரும்புவதாகவும், எவ்வண்டியை வாங்குவது என்று தெரியவில்லை என்றும் கூறினர். மறுநாள் அவருள் ஒருவருடைய தந்தையார் வந்து, 'ஐயா, மூன்று வருஷச் சேமிப்பைத் துருவிலே கொட்டுவதா? நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதா?' என்று வருந்தினார்.

மகன் விரும்பியதும் நியாயமே. தந்தை அஞ்சியதும் நியாயமே. இவ்விருவருக்கும் ஒருங்கே விடை கூறுவதே இச்சொற்பொழிவின் நோக்கம். வாங்கலாமா என்பதைவிட, எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பவையே பெரிய கேள்விகள். அவற்றைப் பிழையின்றித் தீர்த்தால் தந்தையின் அச்சம் நீங்கும். தீர்க்காவிடில் மகனுடைய ஆசையும் நிலைக்காது.

முதற்கண் எமது அநுபவத்தைச் சொல்லிவிடுதல் முறை. பல ஆண்டுகளுக்கு முன் யாம் பழைய வண்டியொன்றை விலைக்கு வாங்கினோம். வர்ணம் கண்ணாடிபோல் மின்னிற்று. இருக்கைகள் புதிய தோலால் மூடப்பட்டிருந்தன. விற்றவரும் இனிமையாகப் பேசினார். வீட்டில் அனைவரும் மகிழ்ந்தனர். அடுத்த மழைக்காலத்தில் ஓட்டுநர் காலடியில் நீர் கசிந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது தகட்டிற்குப் பதிலாகப் பட்டியும் சாக்குத் துணியும் தாரும் இருக்கக் கண்டோம். டிங்கர் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சிறு சுத்தியலால் கீழே தட்டிக்கொண்டே போனார். தட்டிய இடமெல்லாம் உதிர்ந்தது. 'ஐயா, நீங்கள் வாங்கியது காரல்ல, பெயிண்டு' என்றார் அவர். வாங்கிய விலைக்கு மேல் இருமடங்கு செலவிட்டும் அவ்வண்டி சீர்ப்படவில்லை. முடிவில் காயலான் கடைக்கே போயிற்று. அந்த நஷ்டத்தைவிட, கண்ணிருந்தும் பாராமற்போனோமே என்ற நாணமே எம்மை நெடுநாள் வருத்தியது. இன்று யாம் கூறப் புகும் நெறிகள் பெரும்பாலும் அந்த நஷ்டத்தில் கற்றவையே.

நிற்க. செப்பனிடும் முயற்சிக்குப் பின்சக்கரங்களால் உந்தப்படும் சிறு வண்டியே ஏற்றது என்பது எமது துணிபு. அதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம். பழைய முறையில் அமைந்த வண்டியில் எஞ்ஜின் முன்னே நெடுக்குவாட்டில் நிற்கும், அதன்பின் கிளச்சு, அதன்பின் கியர்ப்பெட்டி, அங்கிருந்து நீண்டதொரு தண்டு வண்டியின் அடியே ஓடிப் பின்னச்சின் நடுவிலுள்ள கிரௌன் பினியனைச் சுழற்றும், அதனாற் பின்சக்கரங்கள் உருளும். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி இடத்தில், தனித்தனி வேலையோடு நிற்பதைக் காண்க. ஓசை எங்கிருந்து வருகிறதென்று காதால் பிரித்தறியலாம். தண்டினைக் கழற்றிக் கியர்ப்பெட்டியை மட்டும் இறக்கலாம். எஞ்ஜினைத் தொடாமலே பின்னச்சைச் சோதிக்கலாம். முன்சக்கரங்கள் கோணுவதற்கும் தடுப்பதற்கும் மட்டுமே உரியவையாதலின் அவற்றின் அமைப்பும் எளிது.

முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டியிலோ இவையனைத்தும் ஒரு சிறு அறைக்குள் நெருங்கிக் கிடக்கும். அதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 1959-இல் வெளிவந்த மினி என்னும் வண்டி. அதில் எஞ்ஜினைக் குறுக்காக நிறுத்தி, கியர்ப்பெட்டியை அதன் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தனர். இடத்தைச் சேமித்த விதத்தில் அது மகா சாமர்த்தியமே. பிற்காலத்துச் சிறு வண்டிகள் பெரும்பாலும் எஞ்ஜினைக் குறுக்கே நிறுத்தும் அவ்வழியையே பின்பற்றின. ஆனால் மினியின் கியர்ப்பெட்டியைப் பழுதுபார்க்க எஞ்ஜினையும் சேர்த்தே தூக்கியாக வேண்டும். பயணம் செய்வோனுக்கு அது நல்ல வண்டி. முதன்முதல் தொழில் பயில்வோனுக்குக் கடினமான பாடம். நம் நாட்டில் 1983-இல் மாருதி 800 வந்தபின் முன்சக்கர இழுப்பு முறையே சிறு வண்டிகளுக்குப் பொதுவாயிற்று. ஆதலின் பழைய பின்சக்கர முறையைக் கையால் அறிந்த தொழிலாளர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்பொழுதே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இவ்விஷயத்தில் ஓர் அவசரம்.

இனி, நம்மவர் கைக்கெட்டக்கூடிய சிறு வண்டிகள் மூன்றினை எடுத்துக்கொண்டு ஒப்புநோக்குவோம்.

முதலாவது மாரிஸ் மைனர். மேற்சொன்ன மினியை வகுத்த அலெக் இஸ்ஸிகோனிஸ் என்பாரே இதனையும் வகுத்தவர். 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த மோட்டார்க் காட்சியில் இது முதன்முதல் வைக்கப்பட்டது. வண்டி அகலம் போதாதென்று கருதி, மாதிரி வண்டியை நடுவே நெடுக அறுத்து நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அளவையே நிலைபெறச் செய்தார் என்பது பிரசித்தமான செய்தி. பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரிட்டிஷ் வண்டி இதுவே. மொத்தம் செய்யப்பட்டவை 16 லட்சத்துக்கு மேல். முதலில் 918 கன சென்டிமீட்டர் எஞ்ஜின். பிறகு 803, 948, இறுதியில் 1098 என மாறிற்று. நம் நாட்டிலும் 1950-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் கம்பெனியார் இவ்வினத்து வண்டியைப் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரோடு வெளியிட்டனர். இலங்கையில் மைனர் வண்டிகளை இன்றும் வீதியிற் காணலாம். 1990-களில் இதற்குரிய தகட்டுறுப்புகளை அந்நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலும் நடந்தது. ஸ்டீயரிங் மிகத் துல்லியமானது. ஓட்டுவோன் மனத்தை உடனே கவர்வது. குறை யாதெனில், இதற்குத் தனிச் சேஸிஸ் இல்லை, உடலே சட்டம். முன்புறத்து நெடுங்கால்கள், கதவடி நிலைகள், பின் வில் மாட்டப்படும் இடங்கள் ஆகியவை துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போயிற்று என்க. அதனைச் சீராக்கத் தேர்ந்த வெல்டர் ஒருவர் இன்றியமையாதவர்.

இரண்டாவது பியட் 1100. இதனை அறியாதவர் இச்சபையில் இரார். 1953-இல் இத்தாலியில் வெளிவந்த இவ்வண்டியைப் பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் 1954 முதல் செய்தனர். 1089 கன சென்டிமீட்டர் எஞ்ஜினும், ஸ்டீயரிங் தண்டிலேயே அமைந்த கியர்க் கைப்பிடியும் உடையது. 1970-களில் கம்பெனியார் பியட் என்னும் பெயரை விட்டனர். 1974 முதல் பிரீமியர் பத்மினி என வழங்கலாயிற்று. அப்பெயரோடு இந்நூற்றாண்டின் தொடக்கம் வரையில் வந்துகொண்டிருந்தது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக இவை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் வீதியினின்றும் விடைபெற்றது. இதன் பெருமை உதிரிப்பாகங்களே. பல லட்சம் மைல் ஓடிய டாக்ஸிகளுக்காக நாடெங்கும் கடைகளில் சேர்த்து வைத்த பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. எஞ்ஜினைப் போர் செய்யவும், கிராங்கைக் கடைந்து சீராக்கவும் அறிந்த லேத்துப் பட்டறைகள் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உண்டு. ஆயினும் இதுவும் உடலே சட்டமாக அமைந்த வண்டியாதலின், தரைத் தகடு, கதவடி நிலை, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றைக் கண்ணும் விரலுமாகத் தடவிப் பார்த்தல் வேண்டும். முன்சக்கரக் கிங்பின்களுக்குக் காலந்தோறும் கிரீஸ் அடியாமல் விட்டிருந்தால் ஸ்டீயரிங் கனத்து, டயர்கள் ஒருபுறம் தேய்ந்திருக்கும்.

மூன்றாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதற்கும் நம் ஊருக்கும் மெய்யான உறவுண்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த இவ்வண்டியை, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் 1971 வரையில் செய்து வெளியிட்டனர். வடிவத்தை வகுத்தவர் இத்தாலியில் தூரின் நகரத்து மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு இருந்த இதனை நம்மவர் குடும்பம் ஏறுதற்கு வசதியாகப் பிற்காலத்தில் நான்கு கதவுகளோடும் செய்தனர். நம்முள் முதியவர் பலர் இவ்வண்டியில் ஏறிக் கலியாணத்துக்குப் போயிருப்பர். சிலர் அத்தொழிற்சாலையிலேயே வேலை பார்த்திருப்பர்.

ஹெரால்டின் சிறப்பு யாதெனின், அஃது அக்காலத்துச் சிறு வண்டிகளுக்கு மாறாகத் தனிச் சேஸிஸ் மீது அமைந்தது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. அக்கம்பெனிக்கு உடற்கூடு செய்து கொடுத்து வந்த ஸ்தாபனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியார் விலைக்கு வாங்கிவிட்டனர். முழு உடலையும் ஒரே இடத்தில் செய்விக்க வழியின்றி, உடலைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பல இடங்களிற் செய்வித்து, சேஸிஸின் மேல் போல்ட்டுகளால் பூட்டும் வகையை மேற்கொண்டனர். இடையூறாக வந்தது செப்பனிடுவோனுக்கு வரமாயிற்று. முன்புறத் தகடு முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்ஜின் வேலையைச் செய்யலாம். கெட்ட துண்டைக் கழற்றி வேறு துண்டைப் பூட்டலாம். 25 அடி விட்டத்துக்குள்ளேயே திரும்பும் இதன் இயல்பு நம் தெருக்களுக்கு மிகவும் ஏற்றது.

குறைகளையும் மறைக்கலாகாது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒரே இறுகிய அச்சில் இல்லாமல், நடுவில் மடங்கும் இரு அரையச்சுகளில் நிற்கின்றன. வளைவில் வேகமாகப் போகும்போது திடீரென்று பிரேக்கு மிதித்தால் பின்புறம் எழும்பிச் சக்கரம் உள்ளே மடிந்து வண்டி நிலைதவறக்கூடும். 1972-இல் இதன் வழியில் வந்த ஸ்டாண்டர்டு கெசல் வண்டியில் கம்பெனியார் இறுகிய பின்னச்சையே வைத்தனர் என்பதும் கவனிக்கத் தக்கது. மற்றொன்று, முன்சக்கரம் திரும்பும் கீழ்முனையில் வெண்கலத்தாலான மரையுறுப்பு ஒன்றுண்டு, டிரனியன் என்பர். இதற்குக் கியர்ப்பெட்டியிலிடும் தடித்த 90-ஆம் எண் எண்ணெயையே இடவேண்டும். விவரமறியாதார் கிரீஸை அடைத்துவிடுவர். கிரீஸ் மரைக்குள் இறங்காது. நீர் புகுந்து எஃகு அரிக்கும். ஒருநாள் முன்சக்கரம் மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். மாரிஸ் மைனரில் இதையொத்த உறுப்புக்குக் கிரீஸ்தான் உரியது. ஒரு வண்டிக்கு மருந்தானது மற்றொன்றுக்கு விஷமாதலைக் காண்க! எஞ்ஜினில் கிராங்கின் முன்பின் நகர்ச்சியைத் தடுக்கும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்து நழுவுவதும் இதன் நோய். சோதிப்பது எளிது: ஒருவர் கிளச்சை மிதித்து விடுக, மற்றொருவர் எஞ்ஜின் முகப்பிலுள்ள புல்லியைப் பார்க்க. கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னும் பின்னும் நகருமாயின் அவ்வண்டியை விலைபேசுமுன் இருமுறை யோசித்தல் நலம்.

இம்மூன்றனுள் எது சிறந்ததென்று கேட்பின், ஆளுக்குத் தக்கபடி விடை வேறுபடும். செப்பனிட்ட பின் அடிக்கடி ஓட்டவும், பாகங்களைத் தேடி அலையாதிருக்கவும் விரும்புவோர் பியட்டை நாடுக. வெல்டிங் அறியாது ஸ்பானர் மட்டும் பிடிக்கக் கற்றவர், கழற்றிப் பூட்டிப் பழக விரும்புவோர், ஹெரால்டை நாடுக. ஆனால் அதன் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் பொறுமையோடு தேடவும், சிலவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கவும் வேண்டியிருக்கும். அதே கம்பெனியாரின் ஸ்பிட்பயர் வண்டியும் ஹெரால்டின் உறுப்புகளைக் கொண்டே எழுந்ததாதலின், இவை அங்கு இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. மைனரோ, நல்ல உடலோடு ஒன்று கிடைத்தாலன்றி வாங்கத் தக்கதன்று.

இனி, எவ்வண்டியாயினும் பார்க்கும் முறையைச் சுருக்கிச் சொல்வோம்.

முதலில் வண்டியைப் பாராது காகிதத்தைப் பாருங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் கிடந்த வண்டியாயின், வாங்கு முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தறிக. முதற்பதிவு ஆகி 50 ஆண்டுக்கு மேற்பட்டு, சேஸிஸ், உடல், எஞ்ஜின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய சர்க்கார் தனிவிதி வகுத்தனர். அதன்படி புதுப்பதிவுக்கு ரூ. 20,000 கட்டணமென்றும், பதிவு 10 ஆண்டு செல்லுமென்றும் விதித்தனர். அவ்வகையிற் பதிந்த வண்டியைக் காட்சி, ஊர்வலம், பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கன்றி நித்திய உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. காகிதம் இல்லாத வண்டி எத்தனை மலிவாயினும் இரும்பு விலைக்கு மேல் பெறாது.

இரண்டாவது, பகல் வெளிச்சத்தில், மழை நீரோ கழுவிய நீரோ இல்லாத உலர்ந்த வண்டியைப் பாருங்கள். சிறு காந்தத்தை மெல்லிய துணியிற் சுற்றிக் கதவடி, சக்கர வளைவு, தரையோரம் ஆகிய இடங்களில் வைத்துப் பார்க்க. பற்றாத இடத்தில் தகடில்லை, பட்டிதான் உண்டு. விரிப்புகளைத் தூக்குக. கதவைத் திறந்து மெல்ல மேலே தூக்கிப் பார்க்க. கீல் ஆடுகிறதா, தூணே ஆடுகிறதா என்று தெரியும். கதவின் ஓர இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் உடல் வளைந்துவிட்டதென்று கொள்க. கடற்கரையூர்களில் நெடுங்காலம் நின்ற வண்டிகளில் இச்சோதனையை இருமடங்கு செய்க.

மூன்றாவது, எஞ்ஜினைக் குளிர்ந்த நிலையில் துவக்கச் சொல்லுக. முன்னரே சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேட்க. ஓடிக்கொண்டேயிருக்கும்போது நீலப்புகை வருமாயின் எண்ணெய் எரிகிறது. வெண்புகை ஓயாது வருமாயின் தண்ணீர் உள்ளே புகுகிறது. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒருவகை இரைச்சலும், விட்டால் வேறுவகை இரைச்சலும் பின்னாலிருந்து வருமாயின் கிரௌன் பினியன் தேய்ந்தது. புறப்படும்போது 'டக்' என்று ஒலித்தால் தண்டின் முனைச் சிலுவைகள் தேய்ந்தவை. இவையெல்லாம் மாற்றக்கூடிய குறைகளே. எஞ்ஜின் நோய்க்கு மருந்துண்டு. உடல் நோய்க்குச் செலவு அளவில்லை. ஆதலின் கெட்ட எஞ்ஜினும் நல்ல உடலுமுள்ள வண்டியை வாங்குக; நல்ல எஞ்ஜினும் கெட்ட உடலுமுள்ள வண்டியை விடுக. இவ்வொரு வாக்கியத்தை அன்று எமக்கு ஒருவர் சொல்லியிருந்தால் மேற்சொன்ன நஷ்டம் எமக்கு வந்திராது.

நான்காவது, கழற்றிப் போட்ட வண்டியை வாங்காதீர்கள். 'எல்லாப் பாகமும் பெட்டியில் இருக்கிறது' என்பர். பெட்டியில் இல்லாததே வண்டிக்கு வேண்டியதாயிருக்கும். கண்ணாடி, விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, ரப்பர் ஓரங்கள் முதலிய அலங்கார உறுப்புகளே தேடக் கடினமானவை; பிஸ்டன் கிடைத்தாலும் பழைய விளக்கு வளையம் கிடைப்பதரிது.

பணத்தைப் பற்றி ஒரு சொல். வண்டி விலையை ஒரு பங்காக வைத்து, மற்றும் இரண்டு பங்கைத் தனியே எடுத்து வைக்க இயலாதவர் இம்முயற்சியில் இறங்கலாகாது. கடன் வாங்கியோ, வீட்டுப் பெண்டிர் நகையை வைத்தோ இதனைச் செய்வது பெருங்குற்றம். இஃது இலாபம் தரும் வியாபாரமன்று. செலவிட்ட பணம் விற்றாலும் முழுதும் திரும்பாது. திரும்புவது தொழிலறிவும், பொறுமையும், குடும்பத்தோடு கழித்த ஞாயிற்றுக்கிழமைகளுமே. அவற்றுக்காகச் செலவிட மனமுள்ளவர் மட்டும் முன்வருக.

உயிருக்கு அபாயம் வராமலும் காத்துக்கொள்ளல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் புகாதீர்கள். இரும்புத் தாங்கிகளை நிறுத்திய பின்னரே புகுக. பழைய பிரேக்குப் பட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் உண்டு. அத்தூசியை வாயாலும் காற்றாலும் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க. இப்பழைய வண்டிகளில் நான்கு பிரேக்குக்கும் ஒரே குழாய் வழியாதலின் ஓரிடத்துக் கசிவும் எல்லாவற்றையும் செயலற்றதாக்கும். குழாய்களையும் சிலிண்டர் ரப்பர்களையும் முதல் வேலையாக மாற்றுக. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் நீக்கப்பட்டது; எஞ்ஜினைத் திறக்கும்போது வால்வு இருக்கைகளைக் கடின உலோகத்தால் அமைத்தல் நலம். இந்நாளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகிவிட்டதாதலின், பழைய ரப்பர்க் குழாய்கள் இளகிக் கசிந்து தீப்பற்ற ஏதுவாகும். அதனைத் தாங்கும் குழாய்களை இடுக.

அன்பர்களே! இறுதியாக ஒன்று கூற விரும்புகின்றோம். நம் பிள்ளைகளிற் பலர் பொறியியற் பட்டம் பெற்றுள்ளனர். அவருள் ஸ்பானர் பிடித்தவர் சிலரே. கையில் எண்ணெய் படுவதை இழிவென்று நம்மிற் சிலர் கருதுகின்றனர். எமது வண்டியைத் தட்டிப் பார்த்து உண்மை சொன்ன அந்த டிங்கர்ப் பெரியவரிடம் பின்னர் யாம் ஞாயிறுதோறும் சென்று தகடு மடிக்கக் கற்றோம். உறவினர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, 'நம் குலத்தார் அவரிடம் கைகட்டி நிற்கலாமா?' என்று கேட்டார். யாம் கூறிய விடையை இங்கும் கூறுகின்றோம்: கற்பிப்பவர் எவரோ அவரே ஆசிரியர், ஆசிரியர்க்குக் குலம் கேட்பவன் கல்விக்கு உரியவனல்லன். சங்கம் வைத்துக்கொண்டிருப்பது நம்மவர் உயர்வதற்கே. பிறரைத் தாழ்வாக எண்ணுவதற்கன்று. நம் இளைஞர் ஒருவர் பட்டறைக்குப் போவாராயின், அங்குள்ள மூத்த தொழிலாளரை 'ஐயா' என்று அழைத்து, அவர் கேட்கும் கூலியைக் குறையாது கொடுத்து, அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்வாராக. அவ்வறிவு எந்நூலிலும் இல்லை.

நம் பெண்மக்களும் இதில் சேரலாம் என்பது எமது கருத்து. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டுவதற்கு வேண்டுவது வலிமையன்று, நுட்பமும் பொறுமையுமே. இவ்விரண்டும் அவர்களிடம் குறைவின்றி உண்டு.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இத்தொழிலுக்கான தூக்கி, தாங்கிகள், அளவுக் கருவிகள் முதலியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனி வாங்குவது வீண்செலவு. புத்தகசாலையில் நூல் எடுப்பதுபோலக் கையெழுத்திட்டு எடுத்துச்செல்லும் வகையில் ஒரு செட்டுக் கருவிகளைச் சங்கம் வாங்கி வைக்குமாயின் பலருக்கும் பயன்படும். அதற்கு எம்மாலியன்றதை அளிக்கச் சித்தமாயிருக்கின்றோம். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறநிலையத்தார் அமைத்துள்ள மோட்டார்க் காட்சிசாலைக்கு இளைஞரை ஒருமுறை அழைத்துச் செல்வதும் நன்று. நூறாண்டுக்கு முற்பட்ட இயந்திரத்தை நேரிற் காண்பவனுக்கு, மனிதன் செய்ததை மனிதன் சீர்ப்படுத்தலாம் என்னும் தைரியம் பிறக்கும்.

ஆகவே, அந்த இளைஞரின் தந்தையாருக்கு எமது விடை இது: ஐயா, தங்கள் மகனைத் தடுக்கவேண்டா, தனியே அனுப்பவும் வேண்டா. வண்டி பார்க்கப் போகும் நாளில் தாங்களும் உடன் செல்லுங்கள். காந்தமும் துணியும் தங்கள் கையில் இருக்கட்டும். ஐந்து வண்டிகளைப் பார்த்து நான்கை மறுத்துவிட்டு வந்தால், ஐந்தாவதை வாங்கலாம்; ஐந்தையும் மறுக்கவேண்டி வந்தால் வெறுங்கையோடு திரும்புவதும் வெற்றியே. மகனுக்கு எமது விடை: தம்பி, சேமித்த பணம் உன்னுடையதேயாயினும், தந்தையார் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல இயலாத வண்டியை வாங்காதே.